இசைவாணர் உரிமையும் கேட்போர் கடமையும்

யாழ்ப்பாணம் என்னும் பெயர் எங்ஙனம் எழுந்தது என்பது பற்றி ஆராய்ச்சியாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை கூறும் கதையை அறியாதார் இந்நாட்டில் இலர். கண்ணொளி இழந்த யாழ்ப்பாடி ஒருவன் மன்னன் அவையில் யாழிசைத்துப் பாடினான் என்றும், அவ்விசைக்கு உருகிய மன்னன் இம்மணற்றிடரையே அவனுக்குப் பரிசிலாக ஈந்தான் என்றும், அவன் குடியேற்றிய நிலமே யாழ்ப்பாணமாயிற்று என்றும் அக்கதை செல்லும். வரலாற்றறிஞர் பலர் இதனை உண்மை நிகழ்ச்சியாகக் கொள்வதில்லை. எனினும் ஒரு நாட்டு மக்கள் தம் நிலத்தின் பெயரையே இசைவாணன் பெற்ற கூலியின் சின்னமாகக் கருதி வந்தனர் என்பது வரலாற்றுக்குப் புறம்பான செய்தியன்று. பாடியவனுக்கு உரியதைக் கொடுத்தல் கேட்டவனின் கடமை என்னும் எண்ணம் அக்கதையின் அடிநிலையாய் விளங்குகின்றது.

அவ்வெண்ணம் இன்று பெருஞ் சோதனைக்கு உட்பட்டுள்ளது. ஒரு பாட்டு வெளிவந்த நாழிகையிலேயே அதன் பிரதி கடல் கடந்து பல்லாயிரவர் கைபேசிகளைச் சென்றடைகின்றது. கேட்போர் தொகை பெருகப் பெருகப் பாடியவர் வருவாயும் பெருகும் என எதிர்பார்த்தல் இயல்பே. நடப்பதோ வேறு. பதிப்புரிமை பற்றிய வழக்குகள் ஒருபுறமும், விலையின்றிப் பகிரும் வழக்கம் மறுபுறமுமாக நிற்க, இடையில் எந்த நிறுவனத்தையும் சாராது தனித்தியங்கும் இசைவாணரின் நிலை இரங்கத்தக்கதாகின்றது. இந்நிலைக்குக் காரணம் யாது, அதற்குத் தீர்வு தமிழர் வரலாற்றில் உண்டா என்பன ஈண்டு ஆராயப்படும்.

பரிசில் வாழ்க்கை

சங்க காலத்துப் பாணரும் பொருநரும் கூத்தரும் ஓரிடத்திலிருந்து மாத ஊதியம் பெற்றவர் அல்லர். ஊர்தோறும் சென்று வள்ளல்களைக் கண்டு பாடி, உணவும் உடையும் பொன்னும் பெற்று வாழ்ந்தனர். இக்கால வழக்கிற் கூறின், தனித்தியங்கும் இசைவாணர் என்னும் பெயருக்கு முதலில் உரியவர் அவர்களே. அவர்தம் வாழ்க்கையை ஒட்டி எழுந்த இலக்கிய வகை ஆற்றுப்படை என்பது. பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொருவனை அவ்வள்ளலிடம் வழிப்படுத்துவதே அதன் பொருள். பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை ஆகியவை பத்துப்பாட்டினுள் இடம்பெற்றிருத்தல் யாவரும் அறிந்ததே. தான் பெற்ற பயனின் வழியை மறைக்காது தன் தொழிலிற் சிறந்த இன்னொருவனுக்குக் காட்டும் இப்பண்பு பின்னரும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வேந்தர் காலம் பெருகியபோது பரிசில் வாழ்வு கோயில் வாழ்வாயிற்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்கள் இதனை ஐயமற விளக்கும். முதலாம் இராசராசன் அக்கோயிலுக்கு 400 தளிச்சேரிப் பெண்டுகளை நியமித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல் கொண்ட பங்கும் ஏற்படுத்தினான். திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வோர் 48 பேரும், அவர்களுக்குக் கொட்டுவோர் இருவருமாக 50 பேருக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல் விதிக்கப்பட்டது. இன்ன தொழிலுக்கு இன்ன அளவு என்று கல்லிலே வெட்டி வைத்தமையால், கொடுப்பவர் மனம் மாறினாலும் பெறுபவர் உரிமை மாறாதிருந்தது. பாடல் யாருடைய சொத்து என்னும் வினா அங்கே எழவில்லை. பாடுவோர் எங்ஙனம் உண்பர் என்னும் வினாவுக்கே விடை காணப்பட்டது.

கடற்கரை ஊரும் மேளமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேந்தர் ஆட்சி நீங்கிய பின்னர் இப்பொறுப்பை ஊரவரே ஏற்றனர். அவர் கண்ட முறை உபயம் எனப்படும். கோயில் மகோற்சவத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குடும்பத்தவரோ ஒரு தொழிற் குழுவினரோ உபயகாரராய் அமைவர். அந்நாளின் பூசை, அலங்காரம், அன்னதானம் ஆகியவற்றுடன் மேளத்துக்குரிய செலவும் அவர்களையே சாரும். ஒரு நாள் உபயத்துக்கு நல்ல நாதசுவரக் கூட்டம் வந்ததாயின், மறுநாள் உபயகாரர் அதனினும் சிறந்த கூட்டத்தை அழைக்க முற்படுவர். இப்போட்டி காரணமாகத் தஞ்சை நாட்டுக் கலைஞர் பலர் கடல் கடந்து இங்கு வந்தனர். அளவெட்டி, இணுவில், கோண்டாவில் ஆகிய ஊர்களில் நாதசுவரமும் தவிலும் தழைத்தோங்கியமைக்கும் இவ்வாதரவே உரமாயிற்று. தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தியும் நாதசுவர வித்துவான் என். கே. பத்மநாதனும் இச்சூழலில் வளர்ந்தவரே.

காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடைப்பட்ட மயிலிட்டி இவ்வகையில் எடுத்துக்காட்டத்தக்கது. அது கடலை நம்பி வாழும் ஊர். மீன்பாடு நன்கு அமைந்த காலத்தில் ஊர்க்கோயில் திருவிழாவும் சிறக்கும். திருவிழா சிறப்பின் மேளகாரர் இல்லத்தில் அடுப்பெரியும். ஆகவே கடலில் வலை வீசியவனின் உழைப்பு, அயலூரில் துளைக்கருவி வாசிப்பவனின் வாழ்வாயிற்று. இப்பிணைப்பு எச்சட்ட நூலிலும் எழுதப்பட்டதன்று. ஆயினும் தலைமுறை தலைமுறையாகத் தவறாது நிலவியது.

ஈழத்துக் கரையோர ஊர்கள் அறிந்த மற்றோர் இசையும் உண்டு. கரைவலை இழுக்குங்காலும் தோணி தள்ளுங்காலும் ஒருவர் எடுத்துக் கொடுக்க ஏனையோர் ஏற்றுப் பாடும் அம்பாப் பாடலே அது. அதனை ஆக்கியோன் பெயர் எவருக்கும் தெரியாது. வலைக்கு வலை, நாளுக்கு நாள் அது மாறும். பாடுவோர் தாமே உழைப்போராதலின் பாட்டுக்குத் தனிக் கூலி வேண்டியதில்லை. மேளம் கலைஞர்க்கு உரியது. அம்பா ஊருக்கு உரியது. இவ்விருவகை இசையும் ஒருங்கே வாழ்ந்த சமுதாயத்தில், எது பொதுச் சொத்து, எது ஒருவரின் வாழ்வுப் பொருள் என்பதில் மயக்கம் இருந்ததில்லை.

முத்திரையும் சட்டமும்

பழந்தமிழ்ச் சமுதாயம் பாடலின் பிரதியை விலைப்பொருளாகக் கருதவில்லை எனினும் ஆக்கியோன் பெயரை மறந்துவிடவில்லை. கீர்த்தனங்களில் இடம்பெறும் முத்திரை இதற்குச் சான்று. தியாகராசர் தம் பெயரையும், முத்துசாமி தீட்சிதர் குருகுக என்பதையும் பாடலிலேயே பதித்து வைத்தனர். தியாகராசர் (1767 – 1847) அரசவைப் பொருளை நாடாது உஞ்சவிருத்தியால் வாழ்ந்தார் என்பர். அவர் பாடல்களை மாணவர் எழுதிக் கொண்டு உமையாள்புரம், தில்லைத்தானம், வாலாசாபேட்டை எனப் பல ஊர்களுக்குப் பரப்பினர். பரப்பியோர் எவரும் பாடலைத் தமதெனக் கூறவில்லை. எத்தனை வாய் கடந்து சென்றாலும் ஆக்கியோன் பெயர் பாடலோடு சென்றது. இக்காலச் சட்டம் தார்மிக உரிமை எனக் கூறுவதனை முத்திரை என்னும் சிறு வழக்கம் நிறைவேற்றியது.

மேல்நாட்டில் அச்சுப்பொறியின் பெருக்கத்தால் வேறொரு முறை தோன்றிற்று. 1710 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆன் அரசியார் காலத்துச் சட்டம் நூலாசிரியர்க்கு 14 ஆண்டு உரிமை அளித்தது; அவர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டு நீடித்தது. அவ்வுரிமை இசைக்கும் உரியதோ என்னும் வழக்கை யொகான் கிறித்தியன் பாக் என்பவர் தொடுத்தார். 1777 ஆம் ஆண்டில் மான்ஸ்பீல்டு பிரபு, இசைக் குறியீடும் எழுத்தே எனத் தீர்ப்பளித்தார். பிரான்சு நாட்டில் 1847 ஆம் ஆண்டில் ஏர்னஸ்ட் பூர்சே என்னும் பாடலாசிரியர் பாரிசில் ஓர் உணவகத்துக்குச் சென்றார். அங்கே தம் பாடல் விலையின்றி இசைக்கப்படுவதைக் கேட்டு, தாம் அருந்திய பானத்துக்கு விலை கொடுக்க மறுத்தார். என் பாட்டு உமக்கு இனாமாயின் உம் பானம் எனக்கு இனாம் என்பதே அவர் வாதத்தின் சாரம். வழக்கில் அவர் வென்றார். அதன் பயனாக 1851 ஆம் ஆண்டில் இசையாக்குவோர் தாமே கூடி உரிமைத்தொகை திரட்டும் சங்கம் அமைந்தது. 1886 ஆம் ஆண்டின் பேர்ண் உடன்படிக்கை இவ்வுரிமையை நாடுகளுக்கிடையே பரப்பிற்று. பிரித்தானியரின் 1911 ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையிலும் இந்தியாவிலும் நடைமுறைக்கு வந்தது. ஆசிரியர் இறந்து 50 ஆண்டு வரை உரிமை நிலைபெறும் என்பது அதன் விதி.

ஆயின் சட்டம் வந்த வேகத்தில் அதன் பயன் தமிழிசைவாணரைச் சென்றடையவில்லை. 1902 ஆம் ஆண்டில் கேயிசுபெர்க் என்பார் கல்கத்தாவில் இந்திய இசையைப் பதிவு செய்ததன் பின்னர் இசைத்தட்டு வாணிகம் நாடெங்கும் பரந்தது. பாடகர் பலர் ஒருமுறை தொகை பெற்றுக்கொண்டு தம் குரலை விட்டுக் கொடுத்தனர். தட்டு எத்தனை விற்றாலும் அவ்விலை அவரைச் சாராது. சட்டம் உரிமையை உண்டாக்கியது. வறுமை அவ்வுரிமையை விற்கச் செய்தது.

பாரதி பாடல்கள் பட்ட பாடு

இவ்வுண்மையை விளக்கச் சுப்பிரமணிய பாரதியாரின் பாடல்கள் பெற்ற வரலாற்றினும் சிறந்த சான்று வேறில்லை. பாரதியார் 1921 ஆம் ஆண்டு செத்தெம்பரில் மறைந்தபோது குடும்பம் வறுமையில் இருந்தது. மனைவியார் செல்லம்மாள் நூல்களைத் தாமே வெளியிட முயன்றார். பின்னர் வெளியீட்டுரிமை பாரதி பிரசுராலயத்தைச் சார்ந்தது. அக்காலத்தில் பேசும் படமும் வானொலியும் வளரத் தொடங்கின. நூலுரிமை வேறு, ஒலி வடிவில் வெளியிடும் உரிமை வேறு எனப் பிரிக்கப்பட்டு, பின்னது ஒரு வணிகர் கைக்குச் சென்றது. அவரிடமிருந்து படத்தயாரிப்பாளர் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் அதனை வாங்கினார். 1947 ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நாம் இருவர் என்னும் படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன.

1948 ஆம் ஆண்டில் டி. கே. எஸ். சகோதரர்கள் தமது பில்கணன் என்னும் படத்தில் பாரதி பாடல் ஒன்றைப் பயன்படுத்தினர். உரிமையாளர் வழக்கு எழுப்பினார். சட்டப்படி நோக்கின் அவர் கூற்றில் தவறில்லை. ஆயினும் நாட்டு விடுதலைக்குப் பாடிய புலவனின் பாட்டை அந்நாட்டார் பாட ஒரு வணிகரின் இசைவு வேண்டுமோ என்னும் வினா தமிழகமெங்கும் எழுந்தது. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர் பாரதி விடுதலைக் கழகம் அமைத்துக் கிளர்ச்சி செய்தனர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக விளங்கிய சென்னை அரசு தலையிட்டது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையை விலை பெறாது விட்டுக் கொடுத்தார். பாரதியார் குடும்பத்தார்க்கு அரசு பொருளுதவி வழங்கியது. 1949 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கல்வியமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் உரிமை அரசைச் சார்ந்ததென அறிவித்தார். பின்னர் அப்பாடல்கள் மக்களுக்குப் பொதுவாயின. அரசு தலையிடாதிருப்பின் 1971 ஆம் ஆண்டு வரை அவை தனியார் உடைமையாகவே இருந்திருக்கும்.

இந்நிகழ்ச்சியிலிருந்து அறியத்தக்கன இரண்டு. பாட்டின் மதிப்பு உயர்ந்த காலத்தில் அதன் பொருட்பயன், ஆக்கியோனுக்கன்றி வாங்கியோனுக்கே உரியதாயிற்று என்பது ஒன்று. பாட்டைப் பொதுவாக்க வேண்டும் எனக் குரல் கொடுத்தோர், குடும்பத்தாரை மறந்து வெறுங்கையராக விடவில்லை என்பது மற்றொன்று. பொதுவாக்குதலும் பொருள் கொடுத்தலும் அங்கே ஒருங்கே நிகழ்ந்தன. இரண்டாவது செயலைச் செய்யாது முதலாவதை மட்டும் செய்வதே பிற்கால வழக்கமாயிற்று.

ஒலிநாடாக் காலம்

இலங்கையில் 1925 ஆம் ஆண்டு திசெம்பரில் தொடங்கிய வானொலி, பின்னர் கலைஞர்க்கு நிகழ்ச்சிக்கு ஏற்பக் கொடுப்பனவு வழங்கும் புதிய புரவலனாயிற்று. வானொலியின் வாயிலாக மெல்லிசையும் பொப்பிசையும் தனி வடிவம் பெற்றன. சின்ன மாமியே என்னும் பாட்டைப் பாடாத தமிழ்க் கொண்டாட்டம் ஈழத்திலும் தமிழகத்திலும் அரிது. அதனை ஆக்கிய யாழ்ப்பாணத்தவர் நித்தி கனகரத்தினம் என்பதை அறிந்து பாடினோரோ சிலரே. நாட்டார் பாடல் என எண்ணிப் பாடினோர் பலர். பாட்டு புகழடைய ஆக்கியோன் பெயர் மறைதல் இக்காலத்துக்கே உரிய விந்தை. தியாகராசர் காலத்து முத்திரை ஒலிநாடாவில் இல்லாது போயிற்று.

1970 களிலும் 1980 களிலும் யாழ்ப்பாண நகரில் ரெக்கோடிங் பார் எனப்படும் கடைகள் பெருகின. வெற்று ஒலிநாடாவையும் விரும்பிய பாடல்களின் பட்டியலையும் கொடுத்தால், இசைத்தட்டிலிருந்து அவற்றைப் பதிந்து கொடுப்பர். கடைக்காரர்க்குக் கூலி உண்டு. கேட்போர்க்கு இன்பம் உண்டு. பாடியவர்க்கும் ஆக்கியவர்க்கும் யாதும் இல்லை. பிற்காலத்துக் கோப்புப் பகிர்வின் முன்னோடி இதுவேயாகும்.

எனினும் இவ்வழக்கத்தை முற்றும் பழித்தல் வரலாற்றுக்கு நீதியாகாது. 1981 ஆம் ஆண்டு சூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே பிரதியாயிருந்தவை மீளப் பெறலாகாதவாறு மறைந்தன. பிரதி பலவாயிருந்த பொருளே இத்தகைய தீயைக் கடந்து வாழும் என்பதனை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. தெட்சணாமூர்த்தி 1975 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் தவிலொலியை நேரிற் கேளாத தலைமுறையினர் அதனை அறிவது ஒலிப்பதிவுகளின் பிரதிகளாலேயே. பிரதி எடுத்தல் கலையைக் காத்தது, கலைஞரைக் காக்கவில்லை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதலே இவ்வாராய்ச்சியில் நேரும் பெரும் பிழை.

1990 ஆம் ஆண்டு சூனில் போர் மூண்டபோது மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு முற்றாக வெளியேறினர். அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கடலும் கோயிலும் ஒருங்கே கைவிட்டுப் போகவே, திருவிழாவும் உபயமும் நின்றன. இடம்பெயர்ந்தோர் முகாம்களில் வாழ்ந்தோர் மேளகாரரை அழைப்பது எங்ஙனம்? கலைஞர் பலரும் தாமே இடம்பெயர்ந்தனர். சிலர் வெளிநாடு சென்றனர். அக்காலத்தில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயிருந்தன. சைக்கிள் தைனமோவைச் சுழற்றி அம்மின்னால் வானொலியும் ஒலிநாடாவும் கேட்டனர் மக்கள். இசை வேட்கை அழியவில்லை. இசைவாணரைப் புரந்த அமைப்பே அழிந்தது. கையிலிருந்து கைக்குச் சென்ற ஒலிநாடா அவ்விடைவெளியை நிரப்பிற்று. விலை கொடுக்க வழியற்ற நிலையில் தோன்றிய பழக்கம், வழி பிறந்த பின்னரும் வழக்கமாய் நிலைத்தது.

கோப்புப் பகிர்வும் புதிய வழக்குகளும்

1999 ஆம் ஆண்டு சூனில் அமெரிக்காவில் நாப்ஸ்டர் என்னும் கோப்புப் பகிர்வு முறை தோன்றியபோது ரெக்கோடிங் பார் உலகளாவியதாயிற்று எனலாம். ஒருவர் கணினியிலிருந்த பாட்டை வேறொருவர் விலையின்றிப் பெற்றனர். இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுக்க, 2001 ஆம் ஆண்டு சூலையில் அது மூடப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் அந்நிறுவனங்கள் தனிப்பட்ட கேட்போர் மீதும் வழக்குத் தொடுக்கலாயின. மாணவரும் இல்லத்தரசியரும் நீதிமன்றம் ஏறும் நிலை உண்டாயிற்று. பகிர்வு நிற்கவில்லை; இசைவாணர்பால் மக்களுக்கிருந்த பரிவே குறைந்தது.

அதே 2003 ஆம் ஆண்டில் இலங்கை 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை இயற்றியது. 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி இது இடம்பெற்றது. ஆக்கியோன் வாழ்நாளும் அதன்மேல் 70 ஆண்டும் உரிமை நிலைக்கும். பொருளாதார உரிமை, தார்மிக உரிமை என இருவகை இதில் வகுக்கப்பட்டுள்ளன. நிகழ்த்துவோர்க்கும் 50 ஆண்டு உரிமை உண்டு. வெளியிடப்பட்ட ஆக்கத்தைத் தம் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி செய்தல் ஏற்கப்படுகிறது. பலருக்குப் பரப்புதல் ஏற்கப்படுவதில்லை. அம்பாப் பாடல் போன்ற நாட்டார் கலை வெளிப்பாடுகளை மரபுக்குப் புறம்பாக வாணிக நோக்கில் பயன்படுத்துவோர் உரிய அதிகாரியின் இசைவைப் பெறல் வேண்டும் என்றும், அதனாற் கிடைக்கும் பொருள் பண்பாட்டு வளர்ச்சிக்கே செலவிடப்படும் என்றும் இச்சட்டம் விதிக்கின்றது. விதியில் குறைவில்லை. தவில் வாசிப்போர் ஒருவர் தம் வாசிப்பின் பிரதி எங்கே செல்கின்றது என்பதைத் தேடி வழக்காடும் வசதி உடையவரல்லர் என்பதே குறை.

இந்தியாவில் 1977 ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, படத்துக்காக ஆக்கப்பட்ட பாடலின் உரிமை பொதுவாகத் தயாரிப்பாளரைச் சாரும் எனக் கூறிற்று. அத்தீர்ப்பிலேயே நீதிபதி கிருஷ்ணையர், பாடகரும் சட்டத்தின் காவலுக்கு உரியவர் எனச் சுட்டினார். 2012 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமைத்தொகைப் பங்கைச் சட்டவாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றிப் பிறர் எவருக்கும் விட்டுக் கொடுத்தல் இயலாது என வரையறுத்தது. 2017 ஆம் ஆண்டில் இளையராசா, எஸ். பி. பாலசுப்பிரமணியம் தம் பாடல்களை இசைவின்றி மேடையிற் பாடலாகாது என அறிவித்தல் அனுப்பியபோது தமிழ் மக்கள் திகைத்தனர். இருவரும் பெருங்கலைஞர், வழக்காடும் வலிமை உடையவர். அத்தகையோர்க்கே சிக்கலாயுள்ள உரிமை, புதிதாய்ப் பாட வரும் இளைஞர்க்கு எத்துணைச் சிக்கலாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

2021 ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த எஞ்சாயி எஞ்சாமி என்னும் பாட்டின் கதை இதனினும் கவனிக்கத்தக்கது. தனித்தியங்கும் கலைஞரை வளர்க்கும் நோக்குடன் தொடங்கப்பட்ட மாச்சா என்னும் அமைப்பின் வாயிலாக அது வெளியாயிற்று. அறிவு, தீ ஆகியோர் பாடினர். சந்தோசு நாராயணன் தயாரித்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் மீண்ட தம் பாட்டியின் நினைவும் நிலமற்றோர் வாழ்வும் அப்பாட்டுக்குப் பொருளாயின என்பது அறிவின் கூற்று. கோடிக்கணக்கானோர் அதனைக் கேட்டனர். ஆயின் அதே ஆண்டில் ஓர் இதழின் அட்டையில் அறிவின் உருவம் இடம்பெறாமை கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 2022 ஆம் ஆண்டில் மாமல்லபுரச் சதுரங்க ஒலிம்பியாட்டுத் தொடக்க விழாவில் அவரின்றிப் பாட்டு இசைக்கப்பட்டதும் ஆக்கியோர் யார் என்னும் வாதம் மீண்டும் எழுந்தது. 2024 ஆம் ஆண்டு மார்ச்சில் சந்தோசு நாராயணன், அப்பாட்டினால் தமக்கு எவ்வருவாயும் வந்து சேரவில்லை எனப் பகிரங்கமாகக் கூறினார். எப்பக்கத்தார் கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை முடிவு செய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. நிலமற்றோர் துயரைப் பாடிய பாட்டே தன்னை ஆக்கியோர்க்கு உரிய பயனும் பெயரும் பற்றிய பூசலாய் முடிந்தமை கருதத்தக்கது. இங்கே பாட்டைத் திருடிப் பகிர்ந்தோர் எவரும் இலர். எல்லாம் முறைப்படி வெளியிடப்பட்டவை. கோப்புப் பகிர்வு ஒழிந்தாற் கலைஞர் வாழ்வர் என்னும் வாதம் இதனால் வலுவிழக்கின்றது.

இருதிறத்தார் வாதம்

பகிர்வை ஆதரிப்போர் கூறுவது: புகழ் பெருகின் பொருள் தானே வரும், பகிர்வு விலையற்ற விளம்பரம். இது மேடை வாய்ப்புடையோர்க்கு ஓரளவு பொருந்தும். பாடலாசிரியர்க்கும், முதுமையடைந்த கலைஞர்க்கும், மேடையற்ற ஊரில் வாழ்வோர்க்கும் பொருந்தாது. 1990 இற்குப் பின் திருவிழா நின்ற ஊர்களில் புகழ் எதனை வாங்கித் தரும்?

தடையை ஆதரிப்போர் கூறுவது: உரிமையைக் கடுமையாகக் காத்தால் வருவாய் பெருகும். வருவாய் யாரைச் சாரும் என்பதே இங்கு வினா. கட்டணம் செலுத்திக் கேட்கும் இணைய முறையில் கேட்கப்படும் தடவைக்கு ஏற்பத் தொகை பகிரப்படுகின்றது. இம்முறையிற் பெயர் பெற்ற ஸ்பொட்டிபை நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. 2024 ஆம் ஆண்டு முதல், ஓராண்டில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு உரிமைத்தொகை இல்லை என்னும் விதியை அது நடைமுறைப்படுத்தியது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ பாடுவோர்க்கு ஆயிரம் என்பது சிறு தொகை. யாழ்ப்பாணத்து இளைஞர் சிலர் கூடி வெளியிடும் தமிழ்ப்பாட்டுக்கு அது சிறிதன்று. சட்டப்படி கேட்டவர் 900 தடவை கேட்டிருப்பினும் பாடியவர்க்குக் கிடைப்பது யாதுமில்லை.

இதற்கு மாறான முறைகளும் தோன்றியுள்ளன. 2008 ஆம் ஆண்டில் தொடங்கிய பாண்ட்காம்ப் என்னும் இணையத்தளத்தில் கேட்போர் பாட்டைக் கலைஞரிடமே விலைக்கு வாங்குவர். கலைஞர் விதித்த விலைக்கு மேலும் கொடுக்க விரும்புவோர் கொடுக்கலாம். தளம் பெறும் பங்கு நூற்றுக்கு 10 முதல் 15 வரையே. 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்றினால் மேடைகள் மூடப்பட்டபோது, குறித்த வெள்ளிக்கிழமைகளில் அப்பங்கையும் பெறாது கலைஞர்க்கே விடும் வழக்கம் தொடங்கியது. இன்ன நாளில் இன்ன கலைஞரை ஆதரிப்போம் என மக்கள் முன்வந்து கொடுக்கும் இம்முறை, நாள் குறித்து மேளம் அழைக்கும் உபயத்தையே ஒத்துள்ளது. அமெரிக்க நாட்டார் புதிதாய்க் கண்டதனைக் குடாநாட்டார் நெடுங்காலமாக அறிந்திருந்தனர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். இசைவாணரை வாழச் செய்தது எக்காலத்தும் பிரதியைத் தடுக்கும் சட்டமும் அன்று. பிரதியை விலையின்றிப் பரப்பும் தாராளமும் அன்று. இசைவாணர் வாழ்வைத் தம் பொறுப்பெனக் கொண்ட கேட்போர் கூட்டம் ஒன்று இருந்தபோதே இசை வாழ்ந்தது. வேந்தன், கோயில், உபயகாரர், வானொலி என அக்கூட்டம் வடிவம் மாறியது. வடிவம் மாறும் இடைவேளைகளிலேயே கலைஞர் வறுமையுற்றனர். இன்றைய காலம் அத்தகைய இடைவேளையாகும்.

சட்டம் வேண்டாததன்று. பெயரைக் காப்பதற்கும் பெருநிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தத்தைச் சீர்செய்வதற்கும் சட்டம் இன்றியமையாதது. ஆயினும் சட்டத்தின் கை சென்றடையாத இடங்களில் கேட்போரின் மனச்சான்றே காவலாகும். அங்கே கேட்போர்க்குரிய கடமைகள் மூன்று. ஒரு பாட்டைப் பிறர்க்கு அனுப்புங்கால் ஆக்கியோர், பாடியோர், வாசித்தோர் பெயரையும் உடன் அனுப்புதல் முதலாவது. அது முத்திரையைக் காத்தலாகும். கலைஞரிடமிருந்தே வாங்கக்கூடிய வழியிருப்பின் அவ்வழியில் விலை கொடுத்தல் இரண்டாவது; அது உபயமாகும். நல்ல இசையைக் கேட்டவர், அதனைப் பாடியோரிடம் பிறரையும் வழிப்படுத்தல் மூன்றாவது, அது ஆற்றுப்படையாகும். இம்மூன்றும் தமிழர்க்குப் புதியன அல்ல.

2017 ஆம் ஆண்டு சூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனை அடுத்த நிலமும் 27 ஆண்டுகளின் பின்னர் மக்களிடம் விடப்பட்டன. படகுகள் மீண்டும் கரை சேர்ந்தன. இடிந்த வீடுகளைக் கட்டுதற்குத் திட்டங்களும் உதவிகளும் உண்டு. கலைந்துபோன கேட்போர் கூட்டத்தைக் கட்டுதற்கு எத்திட்டமும் இல்லை. அதனை ஊரவரே செய்தல் வேண்டும். மீன்பாட்டின் ஒரு பங்கு மேளத்துக்கு என்று முன்னோர் ஒதுக்கிய நெறி, புலம்பெயர்ந்தோரும் ஊரிலிருப்போரும் ஒருங்கு கேட்கும் இணையக் காலத்துக்கும் ஏற்றதே. அந்நெறி மீளுமாயின் பிரதி பெருகுவதனால் இசைவாணர்க்குக் கேடில்லை. யாழ்ப்பாடிக்கு நிலம் ஈந்ததாகக் கதை சொல்லும் நாட்டில், பாடுவோர்க்கு உரிய கூலி கிடைப்பது அருஞ்செயலாக இருத்தல் தகாது.